கையில் கிடைத்த வாய்ஸ் மெசேஜை என்ன செய்வது?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

எனக்கு 44 வயது. சிங்கப்பூரில் உட்லண்ட்சில் இருக்கிறோம். நான்கு வருடத்துக்கு முன் என் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்த சமயத்தில் மாமியாரின் ஆறு பவுன் சங்கிலி காணாமல் போனது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு நான்தான் எடுத்து அடகு வைத்துவிட்டேன் என்று கொழுந்தனாரின் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்ல, அது சபைவரைக்கும் போய்விட்டது. பதினோரு வருடம் சண்டே ஸ்கூல் டீச்சராக இருந்த என்னை, "கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க சிஸ்டர்" என்று நிறுத்திவிட்டார்கள். மாமியாருக்கு இப்போது ஞாபக மறதி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து "என் சங்கிலி எங்கம்மா?" என்று கேட்கிறார். போன மாதம் ஒரு தோழி மூலமாக என் ஓரகத்தியின் வாய்ஸ் மெசேஜ் ஒன்று கிடைத்தது. "சங்கிலி அத்தையோட பிஸ்கட் டின்லயே இருந்துச்சு, மூணே மாசத்துல கிடைச்சிடுச்சு, எடுத்து வச்சிருக்கேன், இப்பப் போய்ச் சொன்னா என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது" என்று அவளே பேசுகிறாள். தினமும் ராத்திரி பாத்திரம் கழுவும்போது அதைத்தான் கேட்கிறேன். கிறிஸ்மஸ் அன்று 38 பேர் இருக்கும் குடும்ப குரூப்பில் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். கர்த்தரே உன் கையில் கொடுத்திருக்கிறார், விடாதே என்கிறார் என் அக்கா. என் சித்தப்பா மகன் அவள் படம், வேலை பார்க்கும் இடம் எல்லாம் சேர்த்து ஃபேஸ்புக்கில் போடச் சொல்கிறான். பாஸ்டரோ, "மன்னித்து மறந்துவிடுங்கள், கிளறாதீர்கள்" என்கிறார். இதற்கு நடுவில், அவளுக்கு வேலை நேரம் மாறிவிட்டதாம், பிரைமரி 3 படிக்கும் மகளைப் பள்ளி முடிந்ததும் எங்கள் வீட்டில் விடலாமா என்று கொழுந்தனார் என் கணவரிடம் கேட்டிருக்கிறார். முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்ல வேண்டும் போலிருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

அன்புச் சகோதரி,

உங்களுக்கு நடந்தது அநியாயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நான்கு வருடத்தில் அதை யாருமே உங்களிடம் நேராகச் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. புருஷன் நெஞ்சைப் பிளந்து தைத்துப் படுத்திருக்கும் நேரத்தில் திருடி என்று பெயர் வாங்கி, அந்தப் பெயரோடு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கும் போய், வீட்டுக்கு வந்து அதே குடும்பத்துக்குச் சாப்பாடும் பரிமாறியிருக்கிறீர்கள். "சின்ன விஷயம், விட்டுவிடு" என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இயேசுவே அப்படிச் சொல்லவில்லை. மத்தேயு 18-இல் அவர் சொன்ன உவமையில், பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட வேலைக்காரன் வெளியே வந்ததும், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவன் கழுத்தைப் பிடிக்கிறான் இல்லையா, அந்த நூறு வெள்ளிப்பணத்தை நாம் ஏதோ சில்லறைக்காசு மாதிரி நினைத்துக்கொள்கிறோம். ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. நூறு நாள் உழைப்பு, கிட்டத்தட்ட மூன்று நாலு மாதச் சம்பளம். பட்ட கடன் நிஜமானது, பெரியது. அவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் ஆண்டவர் மன்னிக்கச் சொல்கிறார்.

சரி, வாய்ஸ் மெசேஜுக்கு வருகிறேன்.

உங்கள் அக்கா சொன்ன அதே வார்த்தையைத்தான் தாவீதின் ஆட்கள் தாவீதிடம் சொன்னார்கள். முதலாம் சாமுவேல் 24-ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ராத்திரி ஒருமுறை எடுத்துப் படியுங்கள், சண்டே ஸ்கூலில் நீங்களே பலமுறை சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். எங்கேதி வனாந்தரம். மூவாயிரம் பேரோடு தாவீதைக் கொல்லத் தேடி வந்த சவுல் ராஜா, தாவீது ஒளிந்திருக்கிற அதே குகைக்குள் தனியாக வருகிறான். இருட்டு. "கர்த்தர் உமது சத்துருவை உமது கையில் ஒப்புக்கொடுத்த நாள் இதுதான்" என்று பின்னால் இருப்பவர்கள் கிசுகிசுக்கிறார்கள். தாவீது கத்தியோடு போகிறான், ஆனால் சவுலின் சால்வைத் தொங்கலை மட்டும் மெல்ல அறுத்துக்கொண்டு வருகிறான். அதற்கே அவன் மனது அடித்துக்கொள்கிறது.

நாம் வழக்கமாக இந்த இடத்தில் கதையை முடித்து, பார்த்தீர்களா, தாவீது பழிவாங்கவில்லை என்று சொல்லிவிடுவோம். மீதியையும் படியுங்கள். தாவீது குகையில் பேசாமல் உட்கார்ந்திருக்கவில்லை. சவுல் வெளியே போனதும் பின்னாலேயே போய், "ராஜாவாகிய என் ஆண்டவனே" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, தரைமட்டும் குனிந்து வணங்கிவிட்டு, அந்தத் துணித்துண்டைத் தூக்கிக் காட்டுகிறான். இதோ பாரும், உம்முடைய சால்வைத் தொங்கல் என் கையில் இருக்கிறது, உம்மைக் கொல்ல முடிந்தும் கொல்லவில்லை, அப்படியிருக்க ஏன் என்னை வேட்டையாடுகிறீர் என்று நேராகக் கேட்கிறான். சவுல் சத்தமிட்டு அழுகிறான், நீ என்னைவிட நீதிமான் என்கிறான். அதற்குப் பிறகு தாவீது சவுலோடு அரண்மனைக்குத் திரும்பிப் போகவில்லை. சவுல் தன் வீட்டுக்குப் போக, தாவீதும் அவன் மனுஷரும் அரணிப்பான இடத்துக்கு ஏறிப்போனார்கள் என்றுதான் அதிகாரம் முடிகிறது.

உங்கள் போனில் இருப்பது அந்தத் துணித்துண்டு. அதை அழிக்கவும் வேண்டாம், 38 பேர் நடுவில் கத்தியாக்கவும் வேண்டாம். யாரிடம் காட்ட வேண்டுமோ அவளிடம் காட்டத்தான் அது உங்கள் கையில் இருக்கிறது.

பாஸ்டர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் "கிளறாதே" என்பது வேதம் சொல்வது ஆகாது. "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்பதுதான் ஆண்டவர் சொன்ன வழி. போ, உணர்த்து என்கிறார். முதலில் தனியாக. கேட்காவிட்டால் இன்னும் ஒருவர் இருவரோடு. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து. மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன அதே இயேசு, பிரதான ஆசாரியன் வீட்டில் ஒரு சேவகன் அறைந்தபோது, நான் தகாதவிதமாய்ப் பேசினது உண்டானால் அதைக் காட்டு, தகுதியாய்ப் பேசினேனேயாகில் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். திருப்பி அடிக்கவில்லை. அடித்தது சரி என்றும் விடவில்லை. நம் சபைகளில் பெண்களிடம், அதுவும் மருமகள்களிடம், மன்னிப்பு என்ற பெயரில் வாயை மூடச் சொல்லும் பழக்கம் இருக்கிறது, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

குரூப்பில் போடுவதை ஏன் வேண்டாம் என்கிறேன் என்று என் அனுபவத்தோடு சொல்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், நான் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய பயிற்சித் திட்டத்தை உடன் வேலை பார்த்த ஒருத்தி தன் பெயரில் கொடுத்துவிட்டாள். ஆதாரம் கிடைத்த அன்று ராத்திரி 11.40-க்கு பதினாலு பேருக்கு ஈமெயில் அனுப்பினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. மறுநாள் காலை பேன்ட்ரியில் நான் மைலோ கலக்கிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள், என்னைப் பார்த்தாள், கையிலிருந்த கப்பை அப்படியே சிங்க்கில் வைத்துவிட்டுத் தண்ணீர்கூடப் பிடிக்காமல் போய்விட்டாள். என் பெயர் எனக்குத் திரும்பக் கிடைத்தது, உண்மைதான். ஆனால் அவள் கடைசிவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, எனக்கு வேண்டியிருந்ததோ அது ஒன்றுதான். பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி எப்படி வந்து மன்னிப்புக் கேட்பாள்? தப்பித்துக்கொள்ளத்தான் பார்ப்பாள். கேட்பதற்கு நான் அவளுக்கு இடமே வைக்கவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அந்த வாய்ஸ் மெசேஜில் உங்கள் ஓரகத்தி என்ன சொல்கிறாள், பாருங்கள்: மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்கிறாள். நான்கு வருடமாக அவளைப் பொய்யில் கட்டிப்போட்டிருப்பது அந்த வெட்கம்தான். கிறிஸ்மஸ் அன்று அதையே இன்னும் பெரிதாக்கினால் அவள் உங்கள் பக்கம் வரவே மாட்டாள். அப்புறம், வேலைக்குப் போயிருக்கும் பெரியவர்கள் மட்டுமா அந்த குரூப்பில் இருக்கிறார்கள்? அவள் பிள்ளையின் காதுக்கு அது எவ்வளவு நேரத்தில் போகும்?

ஃபேஸ்புக் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014-இல் வந்தது. 2020 ஜனவரியிலிருந்து, ஒருவருக்குத் தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு அவர் படம், வேலையிடம் போன்ற அடையாள விவரங்களை வெளியிடுவதும் அந்தச் சட்டத்தில் குற்றம். பாதிக்கப்பட்டவர் நீங்களாக இருக்க, போலீஸ் உங்களைக் கூப்பிடுகிற நிலைமை வரக்கூடாது. தம்பியிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அந்த மெசேஜைக் கொடுத்த தோழியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அவர் வழியாக வந்தது என்று வெளியே தெரிந்தால் அவருக்கும் சங்கடம்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தினமும் ராத்திரி அதைக் கேட்பதை நிறுத்துங்கள். சிங்க்குக்கு முன்னால் நின்றுகொண்டு, கையெல்லாம் சோப்பு நுரையோடு, காதில் அவள் குரல். அந்தக் காட்சியைத்தான் உங்கள் கடிதத்தில் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. சங்கிலி காணாமல் போனது ஒருமுறை, நீங்கள் திருடி ஆவது தினமும் ராத்திரி. மெசேஜை உங்கள் கணவர் போனுக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆதாரம் எங்கும் போய்விடாது. பேதுரு எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்டதற்கு ஏழெழுபது தரம் என்றாரே ஆண்டவர், அது நானூற்றுத் தொண்ணூறு தவறுகளுக்கு என்று நான் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். இத்தனை வருடம் ஆட்களோடு உட்கார்ந்து பேசிய பிறகு எனக்குத் தோன்றுவது, ஒரே தவறையே அத்தனை தரம் மன்னிக்க வேண்டியிருக்கும். திங்கள் மன்னித்தது செவ்வாய் பாத்திரம் கழுவும்போது திரும்ப வரும். வந்தால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மன்னிக்கிற மாதிரி மனது வரவே மாட்டேன் என்கிறது என்று எழுதுகிறவர்களுக்கு நான் நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்வதுண்டு. ஆர்ச்சர்ட் ரோட்டில் பழைய ஒய்எம்சிஏ கட்டடம் ஜப்பானியர் காலத்தில் கெம்பெய்டாய் ராணுவப் போலீசின் இடமாக இருந்தது. 1943 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய 'டபுள் டென்த்' கைதுகளில் 57 பேரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள், 15 பேர் செத்துப்போனார்கள். அதில் மாட்டியவர்களில் ஒருவர் அப்போதைய ஆங்கிலிகன் பிஷப் லெனர்ட் வில்சன். அடிக்கிறவர்களின் கொடூரமான முகத்தைப் பார்த்துக்கொண்டு தன்னால் மன்னிக்க முடியவில்லை என்பதை அவர் பிற்பாடு மறைக்காமல் சொன்னார். அப்போது அவர் செய்தது, இவர்கள் சின்னப் பிள்ளைகளாக அண்ணன் தம்பிகளோடு விளையாடியபோது எப்படி இருந்திருப்பார்கள் என்று கற்பனை செய்து பார்த்ததுதான். குழந்தையை வெறுப்பது கஷ்டம் அல்லவா. போருக்குப் பிறகு, தன்னைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவன் கிறிஸ்தவனாகி வந்தபோது அவனுக்குத் திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சபைச் சடங்கு) கொடுத்தவர் அதே வில்சன். அதே சமயம், 1946-இல் இங்கே அந்தக் கெம்பெய்டாய் ஆட்கள் 21 பேர்மீது விசாரணை நடந்தது, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிஷப் மன்னித்துவிட்டார் என்பதால் நீதிமன்றக் கதவை யாரும் சாத்தவில்லை. பவுல் ரோமர் 12-இல், நீங்கள் பழிவாங்காமல் கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள், "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதில்செய்வேன்" என்று கர்த்தர் சொல்லுகிறார் என்று எழுதும்போதும், நியாயமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கணக்குத் தீர்க்கிற வேலை உன்னுடையது இல்லை என்கிறார்.

அதனால் கிறிஸ்மஸுக்கு முன்பே, வேலை நாள் ஒன்றில், ஓரகத்தியைத் தனியாகச் சந்தியுங்கள். உங்கள் வீட்டிலும் வேண்டாம், அவள் வீட்டிலும் வேண்டாம், பக்கத்து புளோக் காப்பிக்கடையில் கூட்டம் இல்லாத மூன்று மணி வாக்கில். கணவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மெசேஜைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பதில்லை. "சங்கிலி பிஸ்கட் டின்னில் கிடைத்தது எனக்குத் தெரியும். உன் குரலிலேயே கேட்டேன். இந்த நாலு வருடம் நான் எப்படி இருந்தேன் என்று உன்னிடம் சொல்லத்தான் வந்தேன்" என்று ஆரம்பியுங்கள், சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். பிறகு இரண்டு காரியம் கேளுங்கள். யார் யாரிடம் அவள் அப்படிச் சொன்னாளோ அவர்களிடம் அவள் வாயாலேயே திருத்திச் சொல்ல வேண்டும். சபையில் உங்களை நிறுத்தியவரிடம் அவள் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். இது பழி ஆகாது, உடைத்ததை ஒட்டித்தரச் சொல்வது. கிறிஸ்மஸ்வரை நேரம் கொடுங்கள்.

மறுத்தால்? அடுத்த தடவை உங்கள் கணவரும் கொழுந்தனாரும் கூட இருக்கட்டும், அப்போது மெசேஜைப் போட்டுக் காட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பாஸ்டரிடமும் சண்டே ஸ்கூல் பொறுப்பாளரிடமும் நீங்களே கொண்டுபோகலாம், அது மத்தேயு 18 கொடுக்கிற வழி, உங்களுக்கு எந்தக் குற்ற உணர்வும் வேண்டாம். உங்களை நிறுத்தியவர்கள் ஒரு வார்த்தை விசாரிக்காமல் நிறுத்தினார்கள், அவர்களும் உங்களிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டியவர்கள்தான்.

இனி அந்தப் பிள்ளை. உங்களைப் பெரியம்மா என்று கூப்பிடுகிற ஒன்பது வயதுப் பெண் இந்தக் கணக்கில் வரவே கூடாது. அம்மாவைத் தண்டிக்க மகளை வாசலில் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை, உங்களுக்கும் உள்ளுக்குள் சம்மதமில்லை என்றுதான் நினைக்கிறேன், இல்லாவிட்டால் என்னிடம் கேட்டிருக்க மாட்டீர்கள். உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனங்கொடு என்று நீதிமொழிகளிலிருந்து பவுல் எடுத்துச் சொல்கிறாரே, அது பல சமயம் இந்த அளவு சாதாரணமான காரியம்தான்: பள்ளி முடிந்து பசியோடு வருகிற குழந்தைக்கு ஒரு தட்டு சோறு. அடுத்து வருகிற "அக்கினித்தழலை அவன் தலையின்மேல் குவிப்பாய்" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, நல்லது செய்தே எரிக்கலாம் என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். அதற்கு அடுத்த வசனமே, நீ தீமையினாலே வெல்லப்படாமல் தீமையை நன்மையினாலே வெல்லு என்பது. அந்தத் தழல் வெட்கமும் மனவருத்தமும் என்றுதான் பலரும் விளக்கியிருக்கிறார்கள். "அவர்நாண நன்னயம் செய்து விடல்" என்று வள்ளுவர் சொல்வதும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. அதில் 'விடல்' என்பதற்குப் பரிமேலழகர் எழுதிய உரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவர் செய்த தீமையையும் நீங்கள் செய்த நன்மையையும் இரண்டையும் மறத்தல் என்கிறார். முதலாவது உங்களுக்கு நாள் பிடிக்கும், பிடிக்கட்டும். இரண்டாவதை முதல் நாளிலிருந்தே செய்யலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக இருந்தால், "உனக்காக நான் எவ்வளவு செய்கிறேன்" என்ற பேச்சு அந்த வீட்டுக்கு ஒருநாளும் போகக்கூடாது. அப்படி முடியாது என்று தோன்றினால் மரியாதையாக இப்போதே மறுத்துவிடுங்கள், அதில் பாவம் ஒன்றுமில்லை.

ஒத்துக்கொண்டாலும் எல்லையோடு ஒத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள், ஆறரை மணிக்குக் கொழுந்தனார் கீழே வாய்ட் டெக்கில் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். ஓரகத்தி மேலே வந்து உங்கள் சமையலறையில் உட்கார வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. வீட்டுச் சாவி, நகை, பணம் விஷயங்களில் அவளை நம்ப வேண்டும் என்றும் இல்லை. தாவீது அரணுக்கு ஏறிப்போனானே, அந்த மாதிரி. அவளை மன்னிப்பது உங்கள் கையில் இருக்கிறது, நம்பிக்கையை அவள்தான் திரும்பச் சம்பாதிக்க வேண்டும், அதற்கு வருடங்கள்கூட ஆகலாம்.

கடைசியாக உங்கள் மாமியார். பாவம், அவருக்குத் தான் கேட்பதன் அர்த்தம்கூட இப்போது தெரியாது. ஓரகத்தியிடம் பேசி முடித்த பிறகு, அவள் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், அடுத்த ஞாயிறு அவர் உங்கள் முகத்தைப் பார்த்து "என் சங்கிலி எங்கம்மா?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "கிடைச்சிடுச்சு அத்தை, உங்க பிஸ்கட் டின்லயேதான் இருந்துச்சு" என்று சொல்லுங்கள். அடுத்த வாரமும் கேட்பார். அப்போதும் அதையே சொல்லுங்கள்.